காவல் நிலையத்தில் கேமரா இருக்கிறது... அதைப் பார்ப்பது யார்?

2020, ஜூன் 28. சாத்தான்குளம் காவல் நிலையத்துக்குள் கோவில்பட்டி நீதித்துறை நடுவர் நுழைகிறார். அவரை அனுப்பியது உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. ஒன்பது நாள்களுக்கு முன்பு, ஊரடங்கு நேரத்தைத் தாண்டி செல்போன் கடையைத் திறந்துவைத்திருந்ததாகச் சொல்லி, ஒரு தந்தையும் மகனும் அந்த நிலையத்துக்குக் கொண்டுவரப்பட்டிருந்தார்கள். பிறகு கோவில்பட்டி கிளைச் சிறையில் அடைக்கப்பட்டார்கள். அங்கிருந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டு, ஒரே இரவு இடைவெளியில் இருவரும் உயிரிழந்தார்கள்.

ஜூன் 19 இரவு அந்த நிலையத்துக்குள் என்ன நடந்தது? நடுவருக்குத் தெரிய வேண்டியது அதுதான்.

நிலையத்தில் சி.சி.டி.வி கேமரா இருந்தது. 1 டெராபைட் கொள்ளளவு கொண்ட ஹார்டு டிஸ்க்கும் இருந்தது. ஆனால், அந்த இரவின் பதிவு மட்டும் இல்லை. ஒவ்வொரு நாளின் பதிவும் தானாகவே அழிந்துபோகும்படி செட்டிங்ஸ் வைக்கப்பட்டிருந்ததாக நடுவர் தன் அறிக்கையில் குறிப்பிட்டார்.

கேமரா சொல்லாததை ஒரு மனுஷிதான் சொன்னார். அன்றிரவு பணியில் இருந்த பெண் தலைமைக் காவலர் அவர். சக காவலர்கள் சூழ்ந்திருந்த இடத்தில், பயந்து பயந்து, தான் பார்த்ததை நடுவரிடம் வாக்குமூலமாகக் கொடுத்தார். நிலைமை மோசமானதால் அந்தக் காவல் நிலையத்தையே வருவாய்த்துறையின் கட்டுப்பாட்டில் கொண்டுவரச் சொன்னது உயர் நீதிமன்றம். வழக்கு பின்னர் சி.பி.ஐ வசம் போனது.

அந்தப் பெண் காவலர் அன்று வாய் திறக்காமல் இருந்திருந்தால்? இந்தக் கேள்விதான் காவல் நிலையக் கேமராக்கள் பற்றிப் பேசும்போதெல்லாம் திரும்பத் திரும்ப எழுகிறது. வாங்கி மாட்டினால் மட்டும் போதுமா? அது ஓடுகிறதா, பதிவாகிறதா, பதிவானதை யாராவது பார்க்கிறார்களா என்று கண்காணிப்பது யார் வேலை?

உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது?

சாத்தான்குளம் சம்பவம் நடந்து ஆறு மாதங்கள்கூட ஆகவில்லை. 2020 டிசம்பர் 2 அன்று, பரம்வீர் சிங் சைனி வழக்கில் நீதிபதி ஆர்.எஃப்.நாரிமன் தலைமையிலான மூன்று நீதிபதிகள் அமர்வு ஒரு விரிவான உத்தரவைப் பிறப்பித்தது. நாட்டின் எல்லாக் காவல் நிலையங்களுக்கும், சி.பி.ஐ., என்.ஐ.ஏ., அமலாக்கத்துறை போன்ற மத்திய விசாரணை அமைப்புகளின் அலுவலகங்களுக்கும் பொருந்தும் உத்தரவு அது.

எங்கெங்கே கேமரா வேண்டும் என்று இடம் இடமாகச் சொல்லியிருந்தார்கள். நுழைவாயில், வெளியேறும் வழிகள், லாக்-அப், அதற்கு வெளியே உள்ள பகுதி, வராந்தா, வரவேற்பறை, இன்ஸ்பெக்டர் அறை, சப்-இன்ஸ்பெக்டர் அறை, நிலையத்தின் பின்பக்கம், கழிவறைக்கு வெளியே... ஒரு மூலையும் விடுபடக் கூடாது என்பதுதான் நோக்கம்.

இருட்டிலும் படம்பிடிக்கும் வசதி வேண்டும். படத்தோடு ஒலியும் பதிவாக வேண்டும். மின்சாரம் இல்லாத ஊர் என்றால் சோலார் போன்ற வழியில் மின்சாரம் கொடுக்க வேண்டும். பதிவுகளை 18 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். அந்தளவு கொள்ளளவு உள்ள கருவி சந்தையில் இல்லையென்றால், எவ்வளவு அதிகம் முடியுமோ அவ்வளவு காலம். எப்படியானாலும் ஓர் ஆண்டுக்குக் குறையக் கூடாது.

1 டெராபைட் எத்தனை நாளைக்கு வரும்?

18 மாதங்கள் என்பது ஹார்டு டிஸ்க் கணக்கில் எவ்வளவு என்று பார்த்தால், பிரச்னையின் இன்னொரு பக்கம் புரியும்.

ஒரு கேமரா, நொடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் பதிவு செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்குச் சுமார் 21.6 ஜிகாபைட் ஆகும். பத்து கேமராக்கள் என்றால் 216 ஜிகாபைட். 1 டெராபைட் ஹார்டு டிஸ்க் ஐந்து நாள்களுக்குள் நிரம்பிவிடும். இதே கணக்கில் 18 மாதப் பதிவுகளை வைத்திருக்கச் சுமார் 118 டெராபைட் தேவை. படத்தின் தரத்தைக் குறைத்தால் இந்த அளவும் குறையும். ஆனால், முகம் தெரியாத படத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஆக, கேமராவைவிடப் பெரிய செலவு அதன் பின்னால் இருக்கிறது. சேமிப்புக் கருவி, இன்வெர்ட்டர், பராமரிப்பு ஒப்பந்தம், பழுதானால் வந்து பார்க்க ஆள்... இது எதுவும் திறப்பு விழாப் புகைப்படத்தில் தெரியாது. இதனால்தான் உச்ச நீதிமன்றம், மாநில அளவிலான கண்காணிப்புக் குழுவில் நிதித்துறைச் செயலாளர் அல்லது கூடுதல் செயலாளரும் இருக்க வேண்டும் என்றது. பணம் ஒதுக்குகிறவர் அந்த மேஜையில் உட்காராவிட்டால், உத்தரவு காகிதத்திலேயே நின்றுவிடும்.

இரண்டு குழுக்கள், ஒரு முக்கிய வரி

அந்த உத்தரவின்படி மாநில அளவில் ஒரு குழு, மாவட்ட அளவில் ஒரு குழு. மாநிலக் குழுவில் உள்துறை, நிதித்துறை அதிகாரிகள், டி.ஜி.பி ஆகியோரோடு மாநில மகளிர் ஆணையத்தின் தலைவரோ உறுப்பினரோ இருக்க வேண்டும். மாவட்டக் குழுவில் கலெக்டர், எஸ்.பி ஆகியோரோடு மேயர் அல்லது மாவட்டப் பஞ்சாயத்துத் தலைவரும் இருக்க வேண்டும். அதாவது, காவல்துறை தன்னைத் தானே மேற்பார்வை செய்துகொள்வதாக இது இருக்கக் கூடாது. வெளியாட்களின் கண்ணும் வேண்டும்.

கேமரா பழுதானால், நிலையப் பொறுப்பு அதிகாரி உடனே மாவட்டக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். மாவட்டக் குழு மாதந்தோறும் மாநிலக் குழுவுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். ‘கேமரா அன்னிக்கு வேலை செய்யல’ என்று ஒரு நிலையம் பிறகு சொல்லுமானால், அது பழுதானதாக அனுப்பிய தகவல் எங்கே என்று கேட்க முடியும். தகவலே அனுப்பப்படவில்லை என்றால், அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் பொறுப்பு அதிகாரிதான்.

இவற்றுக்கு நடுவே அதிகம் பேசப்படாத ஒரு வரியும் இருக்கிறது. காவல் நிலையங்களில் சேமித்துவைக்கப்பட்ட பதிவுகளை மாவட்டக் குழு எடுத்துப் பார்க்க வேண்டும். யாரும் புகார் கொடுக்காத மனித உரிமை மீறல் ஏதாவது நடந்திருக்கிறதா என்று பரிசீலிக்க வேண்டும் என்பதுதான் அது.

யாரும் புகார் கொடுக்காத மீறல்! ஓர் உயிர் போன பிறகு ஹார்டு டிஸ்க்கைத் தேடி ஓடுவதல்ல. உயிர் போவதற்கு முன்பே, ஒரு சாதாரண நாளில், ஒரு சாதாரண நிலையத்தின் பதிவைப் போட்டுப் பார்ப்பது. அடி வாங்கியும் வெளியே சொல்லப் பயந்து வீட்டுக்குப் போன கூலித்தொழிலாளிக்கும், இரவு முழுக்க நிலையத்தில் காக்கவைக்கப்பட்ட பெண்ணுக்கும் இந்த ஒரு வரிதான் பாதுகாப்பு. இது நடக்காதவரை, எத்தனை கேமரா இருந்தாலும் அவை சுவரில் மாட்டிய பொம்மைகள்தான்.

ஐந்து ஆண்டுகள் கழித்தும் இந்த விஷயம் தீரவில்லை. ராஜஸ்தானில் 2025-ன் முதல் சில மாதங்களிலேயே போலீஸ் காவலில் 11 பேர் இறந்ததாக வெளியான பத்திரிகைச் செய்தியைப் பார்த்து, அந்த ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து மீண்டும் ஒரு வழக்கை எடுத்தது. பேச்சு மறுபடியும் அதே இடத்துக்குத்தான் வந்தது: காவல் நிலையங்களில் வேலை செய்யும் கேமரா எங்கே?

கேமரா இல்லாத இடத்தில் நடந்தால்?

2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம், மடப்புரம். நகை காணாமல்போன புகாரில் கோயில் காவலாளி ஒருவரை போலீஸ் தனிப்படையினர் விசாரிக்கிறார்கள். அந்த இளைஞர் உயிரிழக்கிறார். அங்கே நடந்ததை வெளியே கொண்டுவந்தது அரசு மாட்டிய கேமரா இல்லை. கோயில் பகுதியில் மறைவாக இருந்து ஒருவர் செல்போனில் எடுத்த சில நொடி வீடியோ. மதுரைக் கிளை கடுமையாகக் கேள்வி கேட்டது. காவலர்கள் கைதானார்கள். இந்த வழக்கும் சி.பி.ஐ-க்குப் போனது.

நிலையத்துக்குள் கேமரா வந்துவிட்டால், விசாரணை நிலையத்துக்கு வெளியே நகரக்கூடும் என்பதற்கு மடப்புரம் ஓர் எச்சரிக்கை. எனவே, கேமராவோடு வேறு சில கேள்விகளும் சேர வேண்டியிருக்கிறது. தனிப்படைக்கு உத்தரவிட்டது யார்? பிடித்துச் செல்லப்பட்டவரின் பெயர் எந்தப் பதிவேட்டில், எத்தனை மணிக்கு எழுதப்பட்டது? குடும்பத்துக்குச் சொன்னார்களா?

இவை புதிய கேள்விகளல்ல. 1996-ல் டி.கே.பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த 11 கட்டளைகளிலேயே இருக்கின்றன. கைது செய்யும்போது நேரத்தையும் தேதியையும் குறித்து மெமோ தயாரிக்க வேண்டும். அதில் சாட்சி கையெழுத்திட வேண்டும். உறவினருக்குத் தகவல் சொல்ல வேண்டும். காவலில் இருப்பவருக்கு 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும். இதற்குக் கேமரா தேவையில்லை. பேனாவும் காகிதமும் போதும்.

புகார் சொன்னால் விசாரிப்பது யார்?

2006-ல் பிரகாஷ் சிங் வழக்கில், காவல்துறைக்கு எதிரான புகார்களை விசாரிக்கத் தனி ஆணையம் வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். மாநில அளவில் ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற அல்லது உச்ச நீதிமன்ற நீதிபதியும், மாவட்ட அளவில் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதியும் தலைமை தாங்க வேண்டும் என்றது. தமிழகம் 2013-ல் காவல் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்தது. ஆனால், அந்தச் சட்டத்தின்படி மாநில ஆணையத்தின் தலைவர் உள்துறைச் செயலாளர், மாவட்டத்தில் கலெக்டர். உறுப்பினர்களாக இருப்பவர்கள் காவல்துறை அதிகாரிகள். எஸ்.பி-க்குக் கீழே வேலை பார்க்கும் காவலர் மீது புகார் கொடுக்கப் போகிறவர், அந்த எஸ்.பி-யும் உட்கார்ந்திருக்கும் குழுவின் முன்னால்தான் நிற்க வேண்டும். சுதந்திரமான ஆணையம் வேண்டும் என்ற கோரிக்கை இன்றும் எழுவது இதனால்தான்.

இதில் இன்னொரு உண்மையையும் மறந்துவிடக் கூடாது. நல்ல காவலருக்கும் இந்தக் கேமரா வேண்டும். பொய்ப் புகாருக்கு அதுவே பதில். மேலதிகாரியின் வற்புறுத்தலுக்கு மறுப்புச் சொல்லவும் அதுவே துணை. சாத்தான்குளத்தில் பதிவு அழியாமல் இருந்திருந்தால், அந்தப் பெண் தலைமைக் காவலர் அவ்வளவு பாரத்தைத் தனியாளாகச் சுமக்க வேண்டி வந்திருக்காது.

வீட்டில் ஒருவரை போலீஸ் அழைத்துச் சென்றால்... செய்ய வேண்டியவை

* எந்த நிலையம், அழைத்துச் சென்றவர்கள் யார், எத்தனை மணிக்கு என்பதை உடனே எழுதிவையுங்கள். கைது என்றால் மெமோவைக் கேளுங்கள்.

* கைது செய்யப்பட்டவரை, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்த வேண்டும். உடம்பில் காயம் இருந்தால், மாஜிஸ்ட்ரேட்டிடம் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதற்கான இடம் அதுதான்.

* வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால், இலவச சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணை அழைக்கலாம்.

* அத்துமீறல் நடந்ததாகத் தெரிந்தால், அந்த நாளின் சி.சி.டி.வி பதிவை அழிக்காமல் பாதுகாக்கும்படி எஸ்.பி-க்கும் மாஜிஸ்ட்ரேட்டுக்கும் எழுத்துபூர்வமாக மனு கொடுங்கள். தேதி, நேரம் குறிப்பிடுங்கள். நாள்களைக் கடத்தாதீர்கள். பாதிக்கப்பட்டவருக்கு இதைக் கேட்கும் உரிமை உண்டு என்பதை உச்ச நீதிமன்ற உத்தரவே சொல்கிறது.

* மாநில மனித உரிமை ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். சம்பவம் நடந்து ஓர் ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். ஆணையத்தால் பதிவுகளை வரவழைக்க முடியும்.

* தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், ஒருவரின் உயிர் அல்லது சுதந்திரம் தொடர்பான தகவலை 48 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்ற பிரிவு இருக்கிறது. மனுவில் அதைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

பிரச்னை எதுவும் இல்லாத நாளிலும் ஒரு காரியம் செய்யலாம். உங்கள் ஊர் காவல் நிலைய வாசலில், ‘இந்த இடம் சி.சி.டி.வி கண்காணிப்பில் உள்ளது’ என்ற பெரிய அறிவிப்பு தமிழில் இருக்க வேண்டும். பதிவு எவ்வளவு காலம் பாதுகாக்கப்படும், யாரிடம் புகார் கொடுக்கலாம் என்பதும் அதில் இருக்க வேண்டும். இதுவும் அந்த 2020 உத்தரவில் உள்ளதுதான்.

அடுத்த முறை அந்த வழியாகப் போகும்போது பாருங்கள். பலகை இல்லையென்றால் கலெக்டர் அலுவலகத்தின் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஒரு மனு கொடுக்கலாம். மாவட்டக் குழுவில் இருக்கும் மேயரும், மாவட்டப் பஞ்சாயத்துத் தலைவரும் நாம் வாக்களித்து வந்த மன்றங்களின் தலைமையில் இருப்பவர்கள். ‘போன மாதம் எந்த நிலையத்தின் பதிவைப் பார்த்தீர்கள்?’ என்று அவர்களிடம் கேட்க, யாரும் சாக வேண்டியதில்லை.