கீரை வரிசையில் நிற்காது

ஆராய்ச்சி என்றதும் உழவர்களுக்கு நினைவுக்கு வருவது புது ரகம், புது உரம், புது மருந்து. மேலாண்மைப் படிப்பிலும் ஆராய்ச்சி நடக்கிறது. அது பெரிய கம்பெனிகளுக்கு என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் விளைவிப்பதில் தேறிவிட்ட பல உழவர் குழுக்கள் விற்கிற இடத்தில்தான் தடுக்கி விழுகின்றன. அந்த இடத்துக்கு உதவும் இரண்டு ஆராய்ச்சிகளைப் பற்றி எழுதுகிறேன்.

முதலாவது, வரிசை பற்றியது. வடசென்னைக்காரர்களுக்கு வரிசை என்றால் கன்டெய்னர் லாரிதான். 1983இல் சென்னைத் துறைமுகத்தில் சரக்குப் பெட்டக முனையம் தொடங்கியது. பிறகு பெட்டிகள் பெருகப் பெருக, எண்ணூர் நெடுஞ்சாலையில் திருவொற்றியூர் வரைக்கும் அதற்கு அப்பாலும் லாரிகள் நின்ற காலத்தை நான் ராயபுரத்தில் வங்கி வேலை பார்த்தபோது தினமும் பார்த்திருக்கிறேன். டிரைவர்கள் லாரிக்கு அடியிலேயே சமைத்துச் சாப்பிட்டுத் தூங்குவார்கள். "ரோடு சின்னது, அதான்" என்பார்கள் எல்லாரும்.

1961இல் ஜான் லிட்டில் என்ற அமெரிக்கப் பேராசிரியர் ஒரு விதியை நிரூபித்தார். வரிசையில் சராசரியாக நிற்பவர்களின் எண்ணிக்கை என்பது, ஒரு மணி நேரத்தில் வந்து போகிறவர்களின் எண்ணிக்கையை ஒருவர் காத்திருக்கும் நேரத்தால் பெருக்கினால் வருவது. அவ்வளவுதான். கேட்டில் மணிக்கு 60 லாரி உள்ளே போகிறது, வெளியே 600 லாரி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசி லாரிக்காரர் 10 மணி நேரம் காத்திருக்க வேண்டும். ரோட்டை இரண்டு மடங்கு அகலமாக்கினால் லாரிகள் ரெண்டு ரெண்டாக நிற்கும், 10 மணி நேரம் மட்டும் குறையாது. குறைய வேண்டுமென்றால் ஒன்று, கேட்டில் நடக்கும் சோதனை வேகமாக வேண்டும். இல்லையென்றால் எல்லா லாரியும் ஒரே நேரத்தில் வந்து சேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது ஆராய்ச்சி நம் நாட்டிலேயே நடந்தது. 2008 முதல் சில ஆண்டுகள், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம், உலக வங்கி ஆகியவற்றைச் சேர்ந்த ஆய்வாளர்கள் மும்பைக்கு அருகே 17 நெசவாலை நிறுவனங்களின் 28 ஆலைகளை எடுத்துக்கொண்டார்கள். நூல் மூட்டைகள் கண்ட இடத்தில் கிடந்தன. எவ்வளவு இருப்பு என்று ஒழுங்கான கணக்கு இல்லை. இயந்திரம் நின்ற பிறகுதான் பராமரிப்பு. சில ஆலைகளுக்கு மட்டும் சில மாதங்கள் ஆலோசகர்கள் கூடவே இருந்து, இருப்புக் கணக்கு, பழுதுப் பதிவு, அன்றாடக் கூட்டம் என்று 38 எளிய பழக்கங்களைக் கற்றுக்கொடுத்தார்கள். மற்ற ஆலைகளோடு ஒப்பிட்டபோது, முதல் ஆண்டிலேயே அவற்றின் உற்பத்தித் திறன் 17 சதவீதம் கூடியிருந்தது. இத்தனை நாள் ஏன் செய்யவில்லை என்றால், பல முதலாளிகள் அந்தப் பழக்கங்களைக் கேள்விப்பட்டதில்லை. கேள்விப்பட்டவர்களும் அதனால் லாபம் வரும் என்று நம்பவில்லை.

இதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமே இல்லை. எண்ணூர் அசோக் லேலண்டு, திருவொற்றியூர் என்ஃபீல்டு என்று பெரிய ஆலைகள் இருக்கும் அந்தப் பக்கத்தில் எத்தனையோ சிறு பட்டறைகள். கடன் கொடுத்த பட்டறைகளுக்கு ஸ்டாக் பார்க்கப் போவேன். மாதாமாதம் ஸ்டேட்மென்ட் எழுதித் தருவார்கள். அது வங்கிக்காக எழுதின கணக்கு. தனக்காக எழுதினவர்கள் கொஞ்சம் பேர். அவர்கள்தான் கெட்ட காலத்திலும் தாக்குப்பிடித்தார்கள்.

இனி நம் விஷயம். பொன்னேரிப் பக்கம் நாங்கள் 22 பேர் சேர்ந்து ஒரு குழுவாகக் கீரை, காய்கறி, நிலக்கடலை, அரிசி விற்கிறோம். வேன் திருவொற்றியூருக்குப் போகும். கீரை போய்ச் சேரும்போதே வாடிவிடும். வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். ரசாயனம் போடாத கீரை என்று சொன்னாலும் வாடின கீரையை யார் வாங்குவார்? கடன் வாங்கிக் குளிர்பதன அறை கட்டலாம் என்று கூட்டத்தில் பேச்சு வந்தது. நிலப் பத்திரத்தை அடமானம் வைக்கவும் ரெண்டு பேர் தயாராக இருந்தார்கள்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு வாரம் கடிகாரத்தோடு உட்கார்ந்து பார்ப்போம் என்றேன். எல்லாரும் காலை 6 மணிக்கே வந்துவிடுகிறார்கள். எடை போடுவது, தரம் பார்ப்பது, பில் எழுதுவது எல்லாம் ஒரே தம்பி. ஒருவருக்கு 10 நிமிடம். மணிக்கு 6 பேர். 22 பேருக்கு மூன்று மணி நேரம் 40 நிமிடம். வேன் கிளம்ப 10 மணி ஆகும்போது வெயில் ஏறிவிடும். குளிர்பதன அறை கட்டினாலும் அதற்குள் போவதற்கு முன்பே கீரை மூன்று மணி நேரம் வெயிலில் நின்றிருக்கும்.

"சார், மனுசன் வரிசையில நிப்பான். கீரை நிக்குமா? நிக்க நிக்க வாடிப்பூடும்" என்றார் எங்கள் குழுவின் கீரைக்கார அக்கா. லிட்டில் பேராசிரியரின் விதிக்கு இதைவிட நல்ல விளக்கம் நான் கேட்டதில்லை.

செய்தது இரண்டுதான். எடையையும் பில்லையும் பிரித்தோம். எடை போட்டுத் துண்டுச் சீட்டு தருவது ஒருவர், பில் எழுதுவது இன்னொருவர். எடைக்கு 5 நிமிடமே ஆனது. மணிக்கு 12 பேர். அடுத்து, நேரம் பிரித்தோம். கீரைக்காரர்கள் 8 பேர் 6 மணிக்கு, காய்கறிக்காரர்கள் 7 பேர் 6.40க்கு, கடலையும் அரிசியும் கொண்டுவருகிற 7 பேர் 7.15க்கு. இப்போது யாரும் 40 நிமிடத்துக்கு மேல் நிற்பதில்லை. வேன் 8 மணிக்குள் கிளம்புகிறது.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. "முதல்ல வந்தவனுக்குத்தானே முதல்ல போடணும்? அதென்ன கீரைக்கு மட்டும் மரியாதை?" என்று கேட்டார் ஒரு பெரியவர். நியாயமான கேள்வி. கடலை நாளைக்கும் கடலைதான், கீரை மதியத்துக்குள் மாட்டுத் தீவனம் என்று அக்காவே பதில் சொன்னார். கீரை விற்ற பணமும் பொதுப் பையில் சேருவதால் ஒத்துக்கொண்டார்.

கூடவே ஒரு கழிவு நோட்டுப் போட்டோம். வீணானது என்ன, எத்தனை கிலோ, ஏன் என்று மூன்று கட்டம். சில வாரத்தில் நோட்டே சொல்லியது: ஈரத்தோடு கட்டி, சாக்கின் அடியில் அமுக்கின கீரைதான் அதிகம் அழுகுகிறது. சாக்குக்குப் பதில் பிளாஸ்டிக் கிரேட் வந்தது. கடன் மனு அலமாரியிலேயே இருக்கிறது. பத்திரங்கள் அவரவர் வீட்டில்.

குளிர்பதன அறையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பழம், உருளைக்கிழங்கு வைத்திருந்து விற்கும் குழுக்களுக்கு அது தேவைப்படலாம். எங்கே நேரமும் பொருளும் வீணாகிறது என்று அளந்த பிறகு கடன் வாங்குங்கள் என்பதே என் வேண்டுகோள்.

அந்த மும்பை ஆய்வில் இன்னொரு பாடமும் உண்டு. சில ஆண்டுகள் கழித்து ஆய்வாளர்கள் மறுபடி போய்ப் பார்த்தார்கள். கற்றுக்கொடுத்த பழக்கங்களில் சுமார் பாதி கைவிடப்பட்டிருந்தன. மேலாளர் மாறிப்போனதும், முதலாளிக்கு நேரமில்லாததும் முக்கியக் காரணங்கள். எங்கள் நோட்டும் அப்படித்தான். எழுதின தம்பி வெளியூர் போனதும் இரண்டு வாரம் வெறும் தாள். இப்போது இரண்டு பேருக்கு அந்தப் பொறுப்பு. மாதக் கூட்டத்தில் முதல் வேலை அந்த நோட்டை உரக்கப் படிப்பது.

உழவர் நண்பர்களே, உங்கள் குழுவின் அடுத்த கூட்டத்தில் மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். நம் பொருள் எங்கே, எவ்வளவு நேரம் சும்மா நிற்கிறது? போன மாதம் எத்தனை கிலோ வீணானது, ஏன்? அதை எழுதுகிறவர் ஊருக்குப் போனால் அடுத்து யார் எழுதுவார்? பதில் தெரியவில்லை என்றால் 20 ரூபாய் நோட்டு ஒன்றும், சுவரில் ஒரு கடிகாரமும் வாங்கி வையுங்கள். ஒரு மாதம் கழித்து அந்த நோட்டை நடுவில் வைத்துக்கொண்டு கடனைப் பற்றிப் பேசலாம்.