கூரியரில் போகும் மிருதங்கம்

இடைத்தரகர் விலகிவிட்டார். ஆனால் கரணை விரிந்தால் யாரிடம் போவது?

மிருதங்கம் வாசிப்பவரின் பெயர் அழைப்பிதழில் இருக்கும். செய்தவரின் பெயர் எங்கும் இருக்காது. பாலக்காடு மணி ஐயரைத் தெரியாத கச்சேரி ரசிகர் இல்லை; அவருக்கு மிருதங்கம் செய்து கொடுத்த பர்லாந்தைத் தெரிந்தவர்கள் வித்வான்களும் அவர்களது சீடர்களும்தான். இப்படிப்பட்ட தலித் கிறிஸ்தவக் கைவினைஞர்களின் கதையைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற ஆங்கில நூலாக 2020ல் கொண்டுவந்தார். வெளியீட்டு விழாவுக்கு முதலில் இடம் தந்த கலாக்ஷேத்ரா, அரசியல் சாயல் இருப்பதாகச் சொல்லி அனுமதியை ரத்து செய்தது. விழா சென்னையிலேயே வேறு இடத்தில் நடந்தது.

பெயரில்லாத இந்த நிலையைத்தான் இணையம் லேசாக அசைத்திருக்கிறது. முன்பெல்லாம் ஆர்டர் வித்வான் மூலமாகவோ கடை மூலமாகவோதான் வரும். இன்று பட்டறையிலிருந்தே படம் போகிறது. செல்போன் முன் தட்டிக் காட்டுகிறார்கள். கடல் கடந்து இருப்பவர் தம்புராவோடு ஒப்பிட்டுக் கேட்டு, "ஒரு கட்டை", "ஐந்து கட்டை" என்று சுருதி சொல்கிறார். பணம் நேராகக் கணக்கில் விழுகிறது. ஆங்கிலம் தெரிந்த மகனோ மகளோ வீட்டில் இருந்தால் இந்த வியாபாரம் சுலபம். இல்லாதவர் பாடு பழையபடிதான்.

சிக்கல் விற்ற பிறகு தொடங்குகிறது. புத்தகமோ புடவையோ போலப் பெட்டியைப் பிரித்ததும் முடிந்துவிடுகிற சரக்கல்ல மிருதங்கம். கட்டை பலா மரம். பண்ருட்டிப் பலாவுக்குத் தனி மவுசு. அது தலைமுறைகள் தாங்கும். ஆனால் தட்டுகளுக்கு மாடு, ஆட்டுத் தோல். இழுத்துக் கட்டும் வாருக்கு எருமைத் தோல். இவை தேயும், தளரும். வலந்தலையில் உள்ள கருப்பு வட்டமான கரணை, கல் பொடியைச் சோற்றோடு பிசைந்து மெல்லிய பூச்சுகளாக ஏற்றித் தேய்த்தது. வாசிக்க வாசிக்க அது விரிசல் விடும். மறுபடி போட்டாக வேண்டும். வெறும் தோல் தராத இசைநயம் அந்தக் கருப்பு வட்டத்தால்தான் வருகிறது என்பதை சி.வி. ராமன் ஆராய்ந்து 1920ல் 'நேச்சர்' இதழிலும் 1934ல் விரிவாகவும் எழுதினார். விஞ்ஞானி விளக்கிவிட்டார். போடுவதற்கு இன்னும் பழகிய கைதான் வேண்டும்.

மைலாப்பூர்க்காரருக்கு இது ஒரு ஆட்டோ சவாரி. கோலார் தங்கவயலில், நந்திதுர்க் சுரங்கத்தை ஒட்டிய குடியிருப்பில் இருப்பவருக்கு? 2001 பிப்ரவரி 28ல் சுரங்கங்கள் மூடப்பட்ட பிறகு அங்குள்ள தமிழர்களில் ஆயிரக்கணக்கானோர் வேலைக்காக பெங்களூர் ரயிலைப் பிடிக்கிறார்கள். பிள்ளையின் மிருதங்கமும் அதே ரயிலில்தான் போக வேண்டும். சிங்கப்பூர்க்காரருக்கு அந்த ரயிலும் கிடையாது.

எனவே புதிய வழிகள். வாருக்குப் பதில் போல்ட் – நட்டு வைத்த மிருதங்கத்தை ஸ்பேனரால் சுருதி கூட்டலாம். தயார் தட்டு கூரியரில் வந்தால் வீட்டிலேயே மாட்டிவிடலாம். வாரின் இழுப்பில் வரும் நாதம் இதில் இல்லை என்று முகம் சுளிக்கும் வித்வான்களும் உண்டு. பெங்களூரைச் சேர்ந்த பொறியாளரும் பாடகருமான கே. வரதரங்கன் இன்னும் ஒரு படி போய், தோலே இல்லாத செயற்கை மிருதங்கத்தை உருவாக்கினார். மழையும் வெயிலும் அதைப் பாதிக்காது; தோல் என்றாலே துருவித் துருவிப் பார்க்கும் ஆஸ்திரேலியா போன்ற நாடுகளின் சோதனையிலும் தொல்லை இல்லை.

வாங்குபவருக்கு நிம்மதி. தோலைப் பார்த்தே தரம் சொல்லும் கைகளுக்கு? அவர்களுக்கு நல்ல தோல் கிடைப்பதே பாடாகி வருகிறது. கர்நாடகத்தில் 2021 ஜனவரியில் அமலுக்கு வந்த சட்டம் பசு, காளைகளை வெட்டத் தடை விதித்தது. 13 வயது தாண்டிய எருமைகளுக்கு மட்டும் விலக்கு. வாருக்கு எருமைத் தோல் போதும். மாட்டுத் தோல் வேண்டிய தட்டுக்கு அது உதவாது. இணையத்தில் எத்தனை ஆர்டர் குவிந்தாலும், பட்டறைக்காரர் முதலில் போன் போடுவது தோல் வியாபாரிக்குத்தான்.