மலையேறும் வண்டியின் மூச்சு

பதுளையிலிருந்து பண்டாரவளைக்கும், அங்கிருந்து அப்புத்தளைக்கும் ஏறிச் செல்லும் பாதையில், மரக்கறி மூட்டைகளைச் சுமந்த லொறிகளும் ஆட்களை ஏற்றிய ஓட்டோக்களும் வளைவுக்கு வளைவு மூச்சுவாங்கி ஊர்வது நாம் நாளும் காணும் காட்சியாகும். இந்த இளைப்பைப் போக்குவதற்குக் குளிர்காற்றுக் குழாய் ஒன்றைப் பொருத்தினாற் போதும் என்று நம் இளைஞர் சிலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணத்தில் உண்மையும் உண்டு. வீண் செலவில் கொண்டுபோய் விடும் மயக்கமும் உண்டு.

எஞ்சின் உண்பது பெற்றோலை மட்டுமன்று. ஒரு கிலோ பெற்றோல் முறையாக எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். காற்றோ சூடேறினால் விரிந்து ஐதாகும் இயல்புடையது. 60 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள காற்று, 20 பாகைக் காற்றைவிட ஏறக்குறைய 12 சதவீதம் ஐதானது. ஆகவே எஞ்சினின் சூட்டிலிருந்து விலகி, வெளியிலுள்ள குளிர்காற்றை இழுத்துக் கொடுக்கும் குழாய் சிறிது வலுவைக் கூட்டவே செய்யும். எனினும் இக்கால வாகனங்கள் பல, தொழிற்சாலையிலிருந்து வரும்போதே வெளிக்காற்றை இழுக்கும் அமைப்புடன் வருகின்றன. அவற்றில் புதிய குழாயால் மிகுவது பெரும்பாலும் ஒலிதான், வலு சிறிதே.

மலைநாட்டில் இன்னொரு கணக்கும் உண்டு. பதுளைப் புகையிரத நிலையம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 650 மீற்றர் உயரத்திலும், அப்புத்தளை 1,430 மீற்றர் உயரத்திலும், பட்டிப்பொலை 1,898 மீற்றர் உயரத்திலும் இருக்கின்றன. பட்டிப்பொலையில் காற்றமுக்கம் கடற்கரையில் உள்ளதன் ஐந்தில் நான்கு பங்கே. மலையின் குளிர் அவ்விழப்பில் ஒரு சிறு பகுதியையே ஈடுசெய்கிறது. மற்றதை எந்தக் குழாயாலும் மீட்க இயலாது. காற்றை அமுக்கி ஊட்டும் டர்போ போன்ற பொறியே அதற்கு வேண்டும்.

காற்றூட்டுதல் நமக்குப் புதுமையன்று. புகையிரதப் பாதை பதுளையை எட்டியது 1924இல். 1954 முதல் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடாவிலிருந்து வந்த எம் 2 வகை டீசல் எஞ்சின்கள் இம்மலைப்பாதையில் ஓடின. அவற்றின் உருளைகளுக்குள் காற்றைத் தள்ளுவதற்கென ஊதி ஒன்று உண்டு. அந்த ஊதியும், எரிபொருளை அளந்து விடும் பொறியும் ஒன்றுக்கொன்று பொருந்துமாறே அமைக்கப்பட்டவை.

இப்பொருத்தத்தைச் செய்வதையே கராஜ்களில் டியூன் என்கின்றனர். கணினியுள்ள வண்டிகள் பலவற்றில், உட்செல்லும் காற்றைச் சூடான மெல்லிய கம்பி ஒன்று அளக்கிறது. அந்த அளவு குழாயின் விட்டத்தை வைத்துக் கணிக்கப்பட்டது. விட்டம் பெரிதானால் கம்பியைக் கடக்கும் காற்றின் வேகம் குறையும். நிறையக் காற்று உட்சென்றாலும் சிறிதே செல்கிறது எனக் கணினி கொண்டு, பெற்றோலையும் குறைத்தே விடும். மெதுவாகச் செல்கையில் புகைக்குழாயிலுள்ள ஒட்சிசன் உணர்வி இப்பிழையைத் திருத்தும். பாரத்தோடு முழு வலுவில் மலை ஏறும்போதோ அத்திருத்தம் பெரும்பாலும் நிகழாது. கலவையில் பெற்றோல் குறைந்து, சூடு மிகுந்து, எஞ்சின் தட்டத் தொடங்கும். முற்றினால் பிஸ்டனே துளைபடும்.

காபரேற்றர் வண்டிகளில் உயரம் ஏற ஏறக் கலவையில் பெற்றோல் மிகுந்து கரும்புகை வரும். அதைக் கண்டு அப்புத்தளையில் பெற்றோலைக் குறைத்து அமைத்துவிட்டு, அதே அமைப்போடு வெல்லவாய்க்கு இறங்கினால், தாழ்நிலத்தின் செறிந்த காற்றுக்கு அந்தப் பெற்றோல் போதாது.

ஊவாத் தோட்டங்கள் இவ்வுண்மையை வேறு வழியில் அறிந்தவை. ஆடி முதல் புரட்டாதி வரை மத்திய மலைகளைத் தாண்டி வரும் வறண்ட காற்றே ஊவாத் தேயிலைக்குப் பெயர்பெற்ற மணத்தை அளிக்கிறது. அப்பருவத்தில் கொழுந்தை வாட்டுபவர்கள் மழைக்காலக் கணக்கை வைத்துக்கொள்வதில்லை. காற்றின் ஈரத்தைப் பார்த்தே விசிறியையும் சூட்டையும் நேரத்தையும் மாற்றுகின்றனர். காற்று மாறினால் வேலையும் மாறவேண்டும் என்பது நம் பெற்றோரின் கைப்பழக்கம். பிள்ளைகள் அதனை எஞ்சினிலும் காணவேண்டும்.

ஓர் ஓட்டோவின் வருவாயில் தவணையும் கட்டி, அடுப்பும் எரியும் வீடுகள் நம்மிடையே பல. அங்கே எஞ்சின் பழுதானால் பிள்ளையின் வகுப்புக் கட்டணமும் நிற்கும். ஆதலால் முதலில் செலவு குறைந்த காரியங்களைச் செய்வோம்: காற்று வடிகட்டியைத் துப்புரவாக வைப்போம், தீப்பொறிச் செருகியைக் கவனிப்போம். குழாய் பொருத்தியே ஆகவேண்டுமெனின், அதன் வாய் எஞ்சினின் சூட்டுக்கும் வீதியில் ஓடும் மழைநீருக்கும் எட்டாதிருக்கட்டும். அன்றே கலவையை அளந்து டியூன் செய்விக்க வேண்டும்; தீப்பொறி நேரம் மாற்றப்பட்டால், 92 ஒக்டேன் பெற்றோல் போதுமா, 95 வேண்டுமா என்றும் கேட்டறிய வேண்டும். இரண்டுக்கும் சேர்த்துப் பணம் இல்லையெனின், இரண்டையும் ஒத்திவைப்பதே நன்று.