யாரைப் பார்த்துப் பாடுகிறீர்கள்?

பாட்டு எழுத வரும் இளைஞர்கள் எல்லோருக்கும் ஒரே ஆசை: ‘கேக்குறவன் மனசுல நிக்கணும்.’ நிற்கிற பாட்டு எதை எடுத்தாலும் அது யாரோ ஒருவரைப் பார்த்துப் பேசும். ஊருக்கெல்லாம் பொதுவாகப் பேசினால் ஒருவர் காதிலும் ஏறாது.

சந்தேகமிருந்தால் ஒப்பாரியைக் கேளுங்கள். மரணத்தைப் பற்றிய தத்துவமெல்லாம் அங்கே கிடையாது. இனிமேல் ஆடிக்கு அழைத்துப்போக யார் வருவார் என்று, கிடத்தியிருக்கும் அப்பனிடமே மகள் நியாயம் கேட்பாள். பதில் சொல்ல அவர் இல்லை. பந்தலில் உட்கார்ந்திருக்கும் பிறத்தியார் கண் கலங்கும். தாலாட்டிலும் இதே சூட்சுமம்தான். மாமன் கொண்டுவந்த சீரையெல்லாம் தொட்டில் பிள்ளையிடம் தாய் அடுக்குவாள். பிள்ளைக்குச் சீர் தெரியுமா? காதில் விழ வேண்டியது கூடத்தில் இருக்கும் மாமியாருக்கு!

சினிமாவில் பெரும்பாலும் மெட்டுதான் முதலில் வரும். ‘தானன தானன’ என்கிற தத்தகாரத்துக்குள் பேச்சு உட்கார வேண்டும். இழுத்து நிற்கும் இடத்தில் ‘வா’, ‘போ’ என்று நெடில் விழுந்தால் பாடுகிறவர் தாராளமாக நிற்பார். ‘மனசு’ போட்டால் அது ‘மனசூ’ ஆகிவிடும். எதுகைக்காக அகராதியைப் புரட்டினாலோ, கேட்பவர் அந்த இடத்திலேயே விலகிவிடுவார். 1959-ல் 29 வயதில் மறைந்த பட்டுக்கோட்டைக் கவிஞர் வயல்காட்டுப் பேச்சை மெட்டில் ஏற்றிக் காட்டியவர். பாடல் வரிகளுக்கான தேசிய விருது முதன்முதலில் கிடைத்ததும் தமிழுக்குத்தான். 1968-ல் வந்த ‘குழந்தைக்காக’ படத்துக்கு.

அப்படிப்பட்ட தமிழில் இன்று சரணம் செத்துக்கொண்டிருக்கிறது. ரீல்ஸுக்கு முப்பது விநாடி போதும் என்பதால், பாட்டே பல்லவியின் முதல் வரியோடு முடிந்துவிடுகிறது. மிச்சத்தைத் தாளம் விழுங்குகிறது. பல்லவி ஆளைக் கூப்பிடுவது; உட்காரவைத்துப் பேசுவது சரணம். கூப்பிட்டுவிட்டுப் பேசாமல் போனால் எப்படி? டாக்கீஸ் வாசலில் பாட்டுப் புத்தகம் வாங்கிய தலைமுறைக்குக் கடைசிச் சரணம்வரை மனப்பாடம். இன்று கல்யாண மேடையில் பாடுகிற பிள்ளைகள்கூட இரண்டாம் சரணத்துக்குச் செல்போனைப் பார்க்கிறார்கள். ஆட்டத்துக்குத் தாளம் போதாதா என்பார்கள். ஆட்டத்துக்குப் போதும், அழுகைக்குப் போதாது.

எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மெட்டு கையில் கிடைத்ததும் வார்த்தை தேடாதீர்கள். யார், யாரிடம், எதற்காகச் சொல்கிறார் என்பதை முதலில் முடிவுசெய்யுங்கள். கேட்காவிட்டாலும் இரண்டு சரணம் எழுதிக் கொடுங்கள். வெட்டுகிறவர் வெட்டட்டும், எழுதாமல் விட்ட பழி உங்களுக்கு வேண்டாம்.