தொலைக்காட்சித் திரையில் பழைய கணிப்பொறி

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

அலுவலகங்களில் கழித்துக்கட்டப்பட்ட கணிப்பொறிகள் இன்று சிறு நகரக் கடைகளில் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. பெரும்பாலும் பெட்டி மட்டுமே கிடைக்கும். திரையைத் தனியே வாங்க வேண்டும். ஆனால், ஓட்டு வீடானாலும் கூரை வீடானாலும் இன்று அங்கே ஒரு தொலைக்காட்சி இருக்கிறது. இவ்விரண்டையும் இணைக்கத் தெரிந்துவிட்டால், திரைக்கென்று தனியே செலவின்றி ஓர் ஏழை மாணவனின் வீட்டிற்குக் கணிப்பொறி வந்துவிடும் அன்றோ?

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். உதவித்தொகை விண்ணப்பம் ஒன்றை நிரப்பவும் பேருந்து ஏறி நகரத்துக் கணிப்பொறி மையத்திற்குப் போய்க் காத்திருக்க வேண்டும். அதனால் சென்ற ஆண்டு பழைய பெட்டி ஒன்றை வாங்கி, வீட்டிலிருந்த 32 அங்குலத் தொலைக்காட்சியோடு இணைத்தோம். படம் வந்தது, எழுத்துகளோ பருத்து, மங்கித் தெரிந்தன. “பழைய சாமான் அப்படித்தான் இருக்கும்” என்றார் என் அண்ணன். குறை உண்மையில் பழமையில்தானா? இயற்பியல் துணைகொண்டு ஆராய்வோம்.

புள்ளிகளின் கணக்கு

தொலைக்காட்சித் திரை என்பது கட்டங்கட்டமாக அமைந்த ஒளிப்புள்ளிகளின் தொகுதி. எங்கள் திரையில் குறுக்கே 1920 புள்ளிகள், மேலிருந்து கீழாக 1080 புள்ளிகள். ஆக 20,73,600 புள்ளிகள். கணிப்பொறியும் தன் படத்தைப் புள்ளிகளாகவே அனுப்புகிறது. இரண்டு எண்ணிக்கையும் ஒன்றானால் ஒவ்வொரு புள்ளியும் தன் இடத்தில் சரியாக அமரும்.

எங்கள் கணிப்பொறி அனுப்பியதோ 1024க்கு 768. குறுக்கே உள்ள 1024 புள்ளிகள் 1920 இடங்களில் பரவ வேண்டுமானால், ஒரு புள்ளிக்கு 1.875 இடம் வரும். முழு எண்ணாக இல்லாததால், தொலைக்காட்சி பக்கத்துப் புள்ளிகளைக் கலந்து இட்டு நிரப்புகிறது. ஒரு முகத்தின் படத்தில் இது கண்ணுக்குப் படாது. எழுத்தின் கோடு ஒன்றிரண்டு புள்ளி அகலமே உடையதாகையால், அங்கே உடனே மங்கல் தெரியும். மேலும் உயரத்தில் 1.406 மடங்கே நீள்வதால், வட்டம் நீள்வட்டமாகிவிடும்.

இதற்குக் காரணம் என்ன? படத்தை உருவாக்கும் பகுதிக்குரிய ‘டிரைவர்’ என்ற மென்பொருள் அந்தக் கணிப்பொறியில் நிறுவப்படவில்லை. அதை நிறுவியதும் பட்டியலில் 1920க்கு 1080 தோன்றியது. அதைத் தேர்ந்தெடுத்தோம், எழுத்து தெளிந்தது. பெட்டி பழையதே, கணக்குத்தான் தவறியிருந்தது.

சிறிய தொலைக்காட்சிகள் பலவற்றில் 1366க்கு 768 புள்ளிகளே உண்டு. 1366 என்பது எட்டால் வகுபடாத எண். பழைய கணிப்பொறிகள் பலவற்றால் எட்டின் மடங்குகளையே அனுப்ப முடியும் என்பதால் 1360க்கு 768 என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். ‘நான்கு கே’ எனப்படும் திரையில் 3840க்கு 2160 புள்ளிகள் உள்ளன. பழைய கணிப்பொறியால் இவ்வளவையும் அனுப்ப இயலாது. கவலை வேண்டா, 1920க்கு 1080 என்பது இதில் சரிபாதி. ஒரு புள்ளிக்கு நான்கு இடம் என்று கணக்கு முழுமையாகப் பொருந்தும்.

எந்தக் கம்பி?

பெட்டியின் பின்புறம் பாருங்கள். மூன்று வரிசையில் 15 துளைகள் இருந்தால் அது வி.ஜி.ஏ.; ஐ.பி.எம். நிறுவனம் 1987இல் கொண்டுவந்தது. இதில் படம் ஏறி இறங்கும் மின்னழுத்தமாகச் செல்கிறது. அகன்ற வெண்ணிறச் செருகுவாய் இருந்தால் அது பெரும்பாலும் 1999இல் வந்த டி.வி.ஐ. தொலைக்காட்சியில் இருப்பதோ 2002இல் அறிமுகமான ஹெச்.டி.எம்.ஐ.; இதில் படம் எண்களாகச் செல்கிறது.

டி.வி.ஐ.யும் எண்களாகவே அனுப்ப வல்லது என்பதால் அதற்குச் சாதாரண இணைப்புக் கம்பியே போதும். வி.ஜி.ஏ.வுக்கு மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் ‘கன்வெர்ட்டர்’ தேவை. கடையில் கேட்கும்போது திசையைச் சொல்லிக் கேளுங்கள். ‘வி.ஜி.ஏ.யிலிருந்து ஹெச்.டி.எம்.ஐ.க்கு’ என்பதே நமக்கு வேண்டியது. தோற்றத்தில் ஒன்றுபோலிருக்கும் எதிர்த்திசைக் கருவி நமக்குப் பயன்படாது. வி.ஜி.ஏ.வில் ஒலி வராது. அதற்குத் தனிக் கம்பி வேண்டும்.

தொலைக்காட்சியின் பழைய வழக்கம்

எண்ணிக்கை பொருந்திய பின்னும் படத்தின் ஓரங்கள் மறைந்திருக்கக் கூடும். படக்குழாய்க் காலத்தில் ஓரத்துக் கோணல் தெரியாதிருக்கப் படத்தைச் சற்றுப் பெரிதாக்கிக் காட்டினார்கள். குழாய் போய்விட்டது, வழக்கம் போகவில்லை. பட அளவுக்கான அமைப்பில் ‘ஜஸ்ட் ஸ்கேன்’, ‘ஸ்கிரீன் ஃபிட்’ போன்ற பெயருள்ளதைத் தேர்ந்தெடுத்தால் முழுப் படமும் தெரியும். உள்ளீட்டிற்குப் ‘பி.சி.’ என்று பெயரிட இடமிருந்தால் அவ்வாறே செய்யுங்கள். அப்போது பல தொலைக்காட்சிகள் தம் ஒப்பனை வேலைகளை நிறுத்திவிடும். எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு தெரிந்தால் ‘ஷார்ப்னஸ்’ அளவைக் குறையுங்கள்.

எவ்வளவு தொலைவில் அமர்வது?

சராசரிக் கண்ணால் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்குவரை பிரித்தறிய முடியும். எங்கள் திரையில் ஒரு புள்ளியின் அகலம் 0.37 மில்லிமீட்டர். கணக்கிட்டால் ஏறத்தாழ 1.27 மீட்டர், அதாவது நான்கடிக்கும் சற்று மிகுதி. அதற்கு அப்பால் புள்ளிகள் தனித்துத் தெரியா. அங்கிருந்து எழுத்து சிறிதாகத் தோன்றினால் புள்ளி எண்ணிக்கையைக் குறைக்காதீர்கள், மங்கல் திரும்பிவிடும். கணிப்பொறியின் அமைப்பில் எழுத்தளவை 125 அல்லது 150 விழுக்காடாக உயர்த்துங்கள். அலமாரியின் மேலிருக்கும் தொலைக்காட்சியைக் கண்மட்டத்திற்கு இறக்குவதும் கழுத்துக்கு நல்லது. எங்கள் வீட்டில் மாலை ஏழு முதல் ஒன்பது வரை திரை அம்மாவுக்கு, பிறகு எனக்கு. இந்த உடன்பாடும் இணைப்பின் ஒரு பகுதியே!

உயிர் காக்கும் எச்சரிக்கை

கிராமத்து வீடுகள் பலவற்றில் மூன்று துளைச் செருகுவாய் இருக்கும். நிலத்தொடுப்பு, அதாவது எர்த், இராது. கணிப்பொறியின் மின்வழங்கியில் உள்ள மின்தேக்கிகள் காரணமாக, எர்த் இல்லாதபோது 230 வோல்ட்டில் பாதியளவு அதன் இரும்புப் பெட்டியில் தோன்றக் கூடும். தொட்டால் சுள்ளென்று உணர்கிறோமே, அது இதனால்தான். மின்னோட்டம் மிகச் சிறிதாயினும் அதைப் பொருட்படுத்தாமல் விடக்கூடாது. வேறு கசிவு இருந்தால் எர்த் இல்லாத பெட்டி உயிருக்கே ஆபத்து. கம்பியைச் செருகும் கணத்தில் அந்த மின்னழுத்தம் தொலைக்காட்சியின் நுண்ணிய சுற்றுக்குள் பாய்ந்து அதைக் கெடுக்கவும் கூடும். வீட்டில் இருக்கும் ஒரே தொலைக்காட்சியும் போய்விட்டால் யாரிடம் சொல்வது? ஆகவே, முதலில் மின்பணியாளரைக் கொண்டு எர்த்தைச் சரிசெய்யுங்கள். இரு கருவிகளின் பிளக்குகளையும் சுவரிலிருந்து கழற்றிய பின்னரே கம்பியை இணையுங்கள்.

மாணவ நண்பர்களே! எர்த், கம்பி, டிரைவர், புள்ளி எண்ணிக்கை, ஓரம், எழுத்தளவு என்ற வரிசையில் ஒவ்வொன்றாகப் பாருங்கள். இவற்றிற்கு வேண்டியது பெரும்பாலும் பொறுமையே. ஒரு கருவி சரியாக இயங்காதபோது ‘பழையது’ என்று ஒதுக்குமுன், அது எதை அனுப்புகிறது, எதிரிலுள்ளது எதைப் பெறுகிறது என்று கேட்டுப் பாருங்கள். வகுப்பறையில் கற்ற இயற்பியல் வீட்டுக்கூடத்தில் பயன்படுவது அப்போதுதான்.