நியாயமான கட்டணம் எது?

முள்ளுக்குறிச்சி வழியாகக் கொல்லிமலை ஏறும் பயணிகள் பலர். அறப்பளீசுவரர் கோயிலருகே ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கினால் ஆகாயகங்கை அருவியை அடையலாம். வழிகாட்ட ஓர் இளைஞர் முன்வந்தால், நாம் முதலில் கேட்பது, "எவ்வளவு குறைப்பாய்?" என்பதே!

அவர் நமக்குத் தருவது நேரத்தை மட்டுமன்று. எந்தப் படி வழுக்கும், எப்போது நீரில் இறங்கலாகாது என்னும் அறிவையும் தருகிறார். பயணிகள் வாராத மாதங்களிலும் அவர் வீட்டில் அடுப்பு எரியவேண்டுமன்றோ?

கடலில் மூழ்குவோர் நிலையும் இதுவே. 1905-இல் இலங்கை அரசு நடத்திய மன்னார் முத்துக்குளிப்பில், எடுத்த சிப்பிகளுள் மூன்றில் ஒரு பங்கு மூழ்கியோருக்கு உரியதாயிற்று. எஞ்சிய இரு பங்கும் அரசுக்கே. ஆயினும் பங்கு இன்னதென முன்னரே தெரிந்திருந்தது. இன்று புதுச்சேரியிலும் அந்தமானிலும் ஸ்கூபா முழுக்குக்குப் பயணிகளை அழைத்துச் செல்வோரின் செலவில் படகு, காற்று உருளைச் சோதனை, மீட்பு ஆயத்தம் யாவும் அடங்கும். ஒருவர் கட்டணத்தைக் குறைத்தால் அடுத்தவரும் குறைப்பார்; முதலில் குறைவது பாதுகாப்பே.

ஆதலின், மலையிலும் வழிகாட்டிகள் கூடிப் பேசிக் கட்டணத்தை முடிவு செய்து, பலகையில் எழுதிவைத்தல் நன்று. உழைப்பு, பாதுகாப்பு, வேலையற்ற மாதங்கள் ஆகிய மூன்றையும் அத்தொகை தாங்கட்டும். பயணியும் ஏமாறமாட்டார்.

விடுமுறையில் மலையேறும் பெற்றோரே, பிள்ளைகள் காணப் பேரமின்றி உரிய கூலியைக் கொடுங்கள். அருவியை அவர்கள் மறந்தாலும் அதை மறவார்.