மலைவழிக்குப் பழைய சிறு காரைத் திருத்தியமைத்தல்

விழா மலரொன்றிலே தமிழாசிரியர் இலக்கியத்தை விடுத்து மோட்டார் வண்டியைப் பற்றி எழுதப் புகுவது அன்பர் சிலருக்கு வியப்பைத் தரலாம். ஆயின், நம் கல்லூரியிற் பயின்று வெளியேறியோருட் பலர் இன்று தோட்டப் பாடசாலை ஆசிரியராகவும், எழுதுவினைஞராகவும், வெளிக்கள உத்தியோகத்தராகவும் ஊவா மலைகளிலே பணிபுரிகின்றனர். பேருந்து அருகியே செல்லும் தோட்டங்களுக்கு நாடோறும் போய் மீள அவர்கட்குக் கைகொடுப்பது பழைய சிறு காரேயாகும். அதனை வாங்கிய மறுநாளே எதனை மாற்றலாம், எதனை மாற்றலாகாது என்னும் வினா பிறக்கின்றது. அவ்வினாவுக்கு, பண்டாரவளை வழிகளிற் பல்லாண்டு கார் செலுத்தியும் கராச்சுகளில் வேலை நடத்தலை அருகிருந்து கண்டும் யாம் அறிந்தவற்றை விடையாகக் கூறுதல் பயனுடைத்தென எண்ணுகின்றோம்.

பழைய காரைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டிய நிலை நம்மவர்க்கு வந்தது தற்செயலன்று. நம் நாட்டில் 2020 மார்ச்சு மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு வழி மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியிலேயாம். திறந்த பின்னரும் வரி மிகுதியாற் புதுக் கார் மாதச் சம்பளக்காரர்க்கு எட்டாக்கனியாகவே உளது. இடையில், 2022 இல் எரிபொருட் பங்கீடு தொடங்கியபோது காருக்குக் கிழமையொன்றுக்கு 20 லீற்றர் என வரையறுக்கப்பட்டதை எவரும் மறந்திரார். சிறு காரின் அருமை அப்பொழுதே பலர்க்கும் விளங்கிற்று.

இவ்வகைக் கார்களுள் நம் பகுதியில் அடிக்கடி காணப்படுவது மாருதி 800 ஆகும். இந்தியாவின் குர்காவோன் நகரில் 1983 டிசம்பரில் வெளிவரத் தொடங்கிய இக்கார், 2014 சனவரியில் உற்பத்தி நிற்கும்வரை இருபத்தைந்து இலட்சத்துக்கு மேலாகச் செய்யப்பட்டது. அதன் எஞ்சின் மூன்று சிலிண்டர்களையும் 796 கன சென்ரிமீற்றர் கொள்ளளவையும் உடையது. கார்புறேற்றர் பூட்டிய வகையின் வலு 37 குதிரைவலு அளவேயாம். கீழே கூறப்படுவனவற்றை இக்காரை உதாரணமாகக் கொண்டே கூறுவோம். ஏனைய சிறு கார்களுக்கும் அவை பெரும்பாலும் பொருந்தும்.

இளைஞர்க்குக் காரைத் திருத்தும் ஆசை எங்கிருந்து வருகின்றது? நமக்கு அண்மையிலுள்ள தியத்தலாவை பொக்ஸ் ஹில் பந்தயத் திடலிலே சிறு கார்கள் புழுதி பறக்க ஓடுதலைக் கண்டோர்க்கு அவ்வாசை எழுதல் இயல்பே. ஆயின், 2024 ஏப்பிரல் 21 ஆந் திகதி அத்திடலிற் பந்தயக் கார் ஒன்று வழிவிலகிப் பார்வையாளர் நடுவே பாய, சிறுமி ஒருத்தி உள்ளிட்ட எழுவர் உயிரிழந்ததையும் இவ்வூர் மறக்கவில்லை. பந்தயத்துக்குத் திடலும், தலைக்கவசமும், காத்துநிற்கும் அம்புலன்சு வண்டியும் உண்டு. அவையிருந்தும் அத்துணைத் துன்பம் நேர்ந்தது. பாடசாலைப் பிள்ளைகள் கரையோரமாக நடந்துசெல்லும் தோட்டப் பாதையில் இவற்றுள் ஒன்றேனும் இல்லை.

பந்தயக்காரரே கைக்கொண்ட நெறியொன்று இங்குக் கருதத்தக்கது. 1956 இல் நேர்ந்த சூயஸ் நெருக்கடியால் இங்கிலாந்திற் பெற்றோல் பங்கீடு வந்தது. அதன் பயனாக அலெக் இசிகோனிஸ் என்பார் அமைத்த மினி என்னுஞ் சிறு கார் 1959 இல் வெளிவந்தது. அதன் எஞ்சின் 848 கன சென்ரிமீற்றர். வலு 34 குதிரைவலு. பந்தயக் கார் அமைப்பதில் வல்லவரான ஜோன் கூப்பர் அதனைத் திருத்த, 1961 இல் 997 கன சென்ரிமீற்றரும் 55 குதிரைவலுவும் கொண்ட மினி கூப்பர் தோன்றிற்று. வலுவைக் கூட்டிய அப்பொழுதே முன்சில்லுகளுக்கு டிஸ்க் பிரேக்கும் பூட்டப்பட்டது. இக்காரின் வழிவந்தனவே 1964, 1965, 1967 ஆம் ஆண்டுகளில் மொன்ரி கார்லோ மலைவழிப் போட்டியில் வென்றன. விரைவாற் புகழ்பெற்ற சிறு காரும் நிறுத்தும் ஆற்றலைப் பெருக்கிய பின்னரே மலையேறிற்று என்பது நினைவிருத்தற்குரியது.

இனி, நம் மலை காருக்கு யாது செய்கின்றது என்பதைப் பார்ப்போம். பண்டாரவளை கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1225 மீற்றர் உயரத்தில் உளது. இவ்வுயரத்திற் காற்று ஐதாகின்றமையால், எஞ்சின் 100 மீற்றருக்கு நூற்றுக்கு ஒன்று வீதம் வலு இழக்கின்றது. கொழும்பில் 37 குதிரைவலு தருவது இங்கு 33 அளவே தரும். கொழும்பின் காற்றுக்கு ஏற்பச் சீர்செய்யப்பட்ட கார்புறேற்றர் இங்கு வேண்டியதிலும் மிகுந்த பெற்றோலை ஊட்டும். பிளக்குகள் கரிபிடித்தலும், புகை கறுத்தலும், செலவு கூடுதலும் இதனால் நிகழ்வன. மலைக்கு வந்த காரின் கார்புறேற்றரை இவ்வூர் மெக்கானிக்கைக் கொண்டு மறுபடி சீர்செய்வித்தல் செலவு குறைந்த திருத்தமாகும். பெற்றோலை ஊசிவழி பீய்ச்சும் பிந்திய வகைகள் இதனைத் தாமே செய்துகொள்ளும்.

ஏற்றத்திலும் இறக்கமே அச்சத்துக்குரியது. பண்டாரவளையிலிருந்து எல்ல வழியாக வெல்லவாயவுக்கு இறங்குங்கால் ஏறத்தாழ 1000 மீற்றர் கீழே செல்கின்றோம். காரும் நால்வருமாக 900 கிலோகிராம் எனக் கொண்டால், அவ்விறக்கத்தில் வெளிப்படும் சத்தி 25 லீற்றர் குளிர்நீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. அதில் ஒரு பங்கைக் காற்றுத் தடையும் எஞ்சினும் ஏற்கும். எஞ்சியதனைத்தும் கையகலமான பிரேக் கட்டைகளிலே சூடாக இறங்கும். 2025 செப்டெம்பரில் எல்ல–வெல்லவாய வழியிற் பேருந்தொன்று பள்ளத்தில் வீழ்ந்து பலர் மாண்ட செய்தி, அவ்வழி எத்தகையது என்பதை நாடெங்கும் உணர்த்திற்று.

ஆதலின் முதலிற் செலவிடத்தக்கது பிரேக்கேயாம். பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை நாளடைவில் உறிஞ்சும் இயல்பினது. டொட் 3 என்னும் வகை புதியதாயிருக்கையில் 205 பாகை செல்சியசுக்குக் குறையாத வெப்பத்திலேயே கொதிக்கும். ஈரம் ஏறிய பின் அவ்வெல்லை 140 பாகைவரை தாழும். டொட் 4 வகைக்கு இவை 230 உம் 155 உம் ஆகும். கொதித்த ஒயிலில் ஆவிக் குமிழிகள் தோன்றும். ஒயில் அமுக்கத்துக்கு இடங்கொடாது, ஆவியோ இடங்கொடுக்கும். அதனாலேயே நீண்ட இறக்கத்தில் மிதி திடீரெனத் தரைவரை தாழ்கின்றது. ஈராண்டுக்கு ஒருமுறை ஒயிலை முழுதும் மாற்றுதலும், வெடிப்புற்ற இறப்பர்க் குழாய்களைக் களைதலும், பின்சில்லு டிரம்களைக் கழற்றித் துப்புரவாக்குதலும் மலைநாட்டுக் காருக்கு இன்றியமையாதன.

இறக்கத்திற் கியரை நியூத்திரலில் விட்டாற் பெற்றோல் மிஞ்சும் என்பது நம்மிடையே வேரூன்றிய தவறான எண்ணம். பீய்ச்சும் வகைக் கார் கியரில் இறங்கும்போது, காலை எடுத்தவுடன் பெற்றோலைத் தானே நிறுத்திக்கொள்ளும். நியூத்திரலிலோ எஞ்சின் ஓயாமலிருக்கச் சிறிது பெற்றோல் வேண்டும். எவ்வகைக் காராயினும் நியூத்திரலில் எஞ்சினின் தடை அற்றுப்போக, முழுப் பாரமும் பிரேக்கின்மேலே விழும். எந்தக் கியரில் ஏறுவோமோ அந்தக் கியரிலேயே இறங்குக என்பது பழைய லொறிச் சாரதிகளின் விதி. அதற்குச் செலவேதுமில்லை.

இரண்டாவது, குளிரூட்டல். இவ்வுயரத்தில் நீர் 96 பாகையளவிலேயே கொதிக்கும். றேடியேற்றர் மூடி அமுக்கத்தைத் தேக்குவதால் அவ்வெல்லை ஏறத்தாழ 20 பாகை உயர்கின்றது. மூடியின் இறப்பர் பழுதுற்றால் அப்பயன் அழியும். பேரகலையிலிருந்து அப்புத்தளைக்கு ஏறும்போது நீர் கொதித்துப் பொங்கும். பலர் இதற்குத் தேர்மோஸ்ராற்றைக் கழற்றி எறிகின்றனர். அது நோய்க்கு மருந்தன்று. நம் குளிரில் எஞ்சின் உரிய சூட்டை அடையாது பெற்றோல் கூடுதலாகச் செலவாகும். உறுப்புகளும் விரைவிற் றேயும். புது மூடியும், அடைப்பு நீக்கிய றேடியேற்றரும், துருவைத் தடுக்கும் குளிரூட்டி நீரும் போதும்.

மூன்றாவது, ரயர். இக்காரில் 145/70 ஆர் 12 என எழுதியிருக்கும். ரயரின் அகலம் 145 மில்லிமீற்றர், பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் நூற்றுக்கு 70, ரிம்மின் விட்டம் 12 அங்குலம் என்பது பொருள். கணக்கிட்டால் சில்லின் முழு விட்டம் ஏறத்தாழ 508 மில்லிமீற்றராகும். அழகு கருதி 155/65 ஆர் 13 பூட்டினால் அது 532 ஆகும். நூற்றுக்கு ஐந்தளவான இவ்வேறுபாட்டால் மானி 50 எனக் காட்டும்போது கார் 52 கிலோமீற்றருக்கு மேல் ஓடும். அன்றியும், கியர் யாவும் உயர்ந்தாற்போலாகி, முன்னரே வலுவிழந்த எஞ்சின் ஏற்றத்தில் மேலுந் திணறும். அளவை மாற்றாது நல்ல ரயரை வாங்குதலே தக்கது. ரயரின் பக்கத்திலுள்ள நான்கு இலக்கங்கள் அது செய்யப்பட்ட காலத்தைக் கூறும். 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆம் கிழமை. பூவின் பள்ளம் ஆழமாயிருப்பினும், ஆறாண்டு கடந்த ரயரை ஐயுற்று நோக்குதல் வேண்டும்.

ஸ்பிறிங்கை வெட்டிக் காரைத் தாழ்த்துதல் இக்காலத்து இளைஞர் விரும்பும் மற்றொரு மாற்றம். சுற்றுக் குறைந்த ஸ்பிறிங் விறைப்பாகும். அது அசையும் இடமும் சுருங்கும். தோட்டப் பாதையின் கருங்கற்களில் ஒயில் தொட்டி மோதி உடைந்தால் எஞ்சினே பாழாம். அதற்கு மாறாக, பழுதுற்ற அதிர்ச்சி தாங்கிகளை மாற்றி, தொட்டியின் கீழே இரும்புத் தகடொன்று பூட்டுதல் அறிவுடைமை. பாரத்தின் அளவும் கருதத்தக்கது. வலியறிதலைக் கூறுமிடத்துத் திருவள்ளுவர் வண்டியின் அச்சையே எடுத்துக்காட்டினார் என்பதை வகுப்பிற் பலமுறை விளக்கியுள்ளோம். மரக்கறி மூடைகளோடு அறுவரை ஏற்றிச் செல்லும் சிறு காரைக் காணுந்தோறும் அது நினைவுக்கு வருகின்றது.

விளக்குகளைப் பொறுத்தவரை, அப்புத்தளை மூடுபனியிற் கண்ணைக் கூசவைக்கும் வெள்ளொளி பயனற்றது. பழைய விளக்குக் கிண்ணத்தில் அதற்கென அமையாத எல்இடி குமிழைப் பூட்டினால் ஒளி சிதறி எதிரே வருவோரைக் குருடாக்கும். பனியிற் பட்டு நம்மை நோக்கியே மீளும். முன்பம்பரின் கீழே தாழ்வாகப் பூட்டிய பனி விளக்கு இரண்டே தக்கவை. அவை ஒவ்வொன்றும் 55 வாற்றாயின், இரண்டுக்கும் 9 அம்பியருக்கு மேலான மின்னோட்டம் வேண்டும். பழைய சுவிச்சு அதனைத் தாங்காது உருகும். ஆதலின் றிலேயும் பியூசும் இன்றி வயரிழுத்தலாகாது.

பெருமுழக்கஞ் செய்யும் சைலென்சரால் இவ்வெஞ்சினுக்குக் குறிப்பிடத்தக்க வலு எதுவும் கூடாது. லயங்களில் உறங்கும் குழந்தைகள் விழித்தலே அதனால் வரும் பயன். பெரிய எஞ்சினைப் பூட்டுவோர்க்குச் சட்டத்தையும் நினைவூட்டுதல் கடமை. 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின்படி எஞ்சின், நிறம் முதலிய பதிவு விவரங்கள் மாறின் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்தல் வேண்டும். 2008 தொடக்கம் வருடாந்தப் புகைப் பரிசோதனையும் உண்டு. அறிவியாது மாற்றிய கார் விபத்துற்றால், காப்புறுதி நிறுவனம் இழப்பீடு தர மறுத்தற்கு இடமுண்டு.

சுருங்கக் கூறின், கையிலுள்ள சிறுதொகையைப் பிரேக்கு, ரயர், குளிரூட்டல், அதிர்ச்சி தாங்கி, விளக்கு என்னும் வரிசையிற் செலவிடுக. இவை முடிந்த பின்னர் மிஞ்சினால், இருக்கை உறையும் வானொலியும் வாங்குதலை யாம் தடுக்கமாட்டோம்.

ஈற்றிலே பழைய மாணவர் சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள். நம் மாணவருட் பலர் இன்று கைதேர்ந்த மெக்கானிக்குகளாகக் கராச்சு நடத்துகின்றனர். தவணைக்கு ஒரு சனிக்கிழமை அவர்கள் கல்லூரி முற்றத்திற் கூடி, ஆசிரியர்களினதும் பெற்றோர்களினதும் பழைய கார்களின் பிரேக்கையும் ரயரையும் பார்த்துக் குறை கூறுவாராயின், உயர் வகுப்பு மாணவர்க்கு அது சிறந்த பாடமுமாகும். விழா ஆண்டிலே தொடங்கத்தக்க பணிகளுள் இதனையும் ஒன்றாகச் சங்கத்தார் கருதுவார்களாக.